தோட்டப்புறத்துத் தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் நாம் செய்ய வேண்டியவை: ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய் போலத் தோட்டத்தை ஒட்டி வளர்ந்த ஊர்களில் நாய்க்குச் சோறு வைக்காத தெரு கிடையாது. கோப்பிக்கடை அக்கா விற்காமல் போன ரொட்டியைப் பின்கட்டில் பிய்த்துப் போடுவார். கோவில் பூசாரி அன்னதானத்தில் மிஞ்சியதை இலையோடு கொண்டுபோய் மரத்தடியில் வைப்பார். செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத் தம்பிகள்கூடத் தங்கள் தட்டிலிருந்து ஒரு பிடி ஒதுக்குகிறார்கள். இரக்கத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அதற்கு அடுத்த வேலையைத்தான் யாரும் கையில் எடுப்பதில்லை.

நாம் போடும் சோற்றில் தேறும் பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வருகிறது. சினையானால் 63 நாள் அளவில் குட்டி போடும். குட்டிகளில் பல, பார்வோ என்ற கழிச்சல் நோய் கண்டும் லோரியில் அடிபட்டும் போய்விடும். பிழைத்த பெட்டைகள் வயது ஒன்றைத் தொடும்போதே தாமும் சினையாகும். கூட்டம் பெருகும், மோட்டார் சைக்கிளைத் துரத்தும், ஒரு நாள் பள்ளிப் பிள்ளையைக் கடிக்கும். புகார் போகும். ஊராட்சி மன்றத்து லோரி வந்து சுருக்குப் போட்டு அள்ளிக்கொண்டு போகும். கொஞ்ச நாளில் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து வேறு நாய்கள் அந்த இடத்துக்கு வந்து சேரும். சோறும் குப்பையும் அங்கேயேதானே இருக்கின்றன!

இந்தச் சுழலை அறுக்கக்கூடியவர் யாரென்றால், சோறு வைக்கிறவர்தான். நாய் அவரைத்தான் நம்புகிறது, அவர் கைக்குத்தான் பக்கத்தில் வருகிறது. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் அதைக் கொண்டுபோக அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆகவே இது முதலில் அவருக்காக எழுதியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த நாய்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, லயங்கள் இடிபட்டு, நம் குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிக்கு மாறியபோது நாய்கள் பின்னால் நின்றுவிட்டன. இன்றும் பட்டறையில் காவலுக்கு வைத்து இரவில் அவிழ்த்து விடப்படும் நாய், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் தொழிலாளி விட்டுப்போகும் நாய், "பெட்டைக்குட்டி வேண்டாம்" என்று பெட்டியில் போட்டுக் கோவில் வாசலில் வைத்த குட்டி என்று வந்துகொண்டேதான் இருக்கின்றன. இன்றைய தெருநாயின் பாட்டி யாரோ ஒருவர் வீட்டு நாய்.

படி 1: கணக்கெடுங்கள்

ஒரு பள்ளி நோட்டு போதும். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆள்கள் வேலைக்காட்டுக்குப் போகும் நேரத்தில் ஒரு சுற்று, மாலையில் குப்பைத் தொட்டிப் பக்கம் ஒரு சுற்று. கைப்பேசியில் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். நோட்டில் நிறம், ஆணா பெட்டையா, குட்டியா பெரியதா, எங்கே படுக்கிறது, யார் சோறு வைக்கிறார் என்று எழுதுங்கள். ஒரே நாய் மூன்று வீட்டில் மூன்று பெயரோடு இருக்கும், படம் இருந்தால்தான் அது தெரியும்.

கவனித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, காது. நுனி நறுக்கியோ 'வி' வடிவில் வெட்டியோ இருந்தால் அது ஏற்கெனவே கருத்தடை செய்யப்பட்டது, மறுபடி பிடித்து வதைக்கத் தேவையில்லை. இரண்டாவது, பெட்டையின் மடி. காம்புகள் பால் கட்டித் தொங்கினால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. குட்டிகளைக் கண்டுபிடிக்காமல் தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அவை பசியில் செத்துப்போகும்.

பட்டியல் ஆனதும் பெட்டைகளின் பெயரை மேலே எழுதுங்கள். பணம் குறைவாக இருக்கும்போது, இருக்கத்தான் செய்யும், முதலில் பெட்டைகளுக்கே செலவழியுங்கள். ஐந்து ஆண் நாய்க்குக் கருத்தடை செய்து ஒன்றை விட்டுவிட்டால், அந்த ஒன்றே எல்லாப் பெட்டைகளையும் சினையாக்கிவிடும். ஒரு பெட்டைக்குச் செய்தால் அதன் ஈற்று அன்றோடு நின்றது.

படி 2: அக்கம்பக்கத்தில் பேசுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பிறகு புகார் வந்ததும் மனம் உடைந்துபோகிறார்கள்.

மலாய் அண்டை வீட்டாருக்கு நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். வாசலில் கழற்றிவிட்ட செருப்பை நாய் கவ்விக்கொண்டு போனாலே அவர்களுக்கு அது பெரிய தொல்லை. சூராவுக்குத் தொழப் போகும் வழியிலோ அவர்கள் வீட்டு முகப்பிலோ சோறு வைப்பது எந்த வகையிலும் நியாயம் இல்லை. அதே மலாய் வீடுகளில் பூனைக்கு இருக்கும் செல்லத்தை நான் எங்கும் கண்டதில்லை. பூனைக் கருத்தடை என்று போய்ப் பேசுங்கள், உங்களுக்கு முன்னால் கூண்டைத் தூக்கிக்கொண்டு நிற்பார் பக்கத்து வீட்டு மக்சிக்.

பட்டறை, கிடங்கு வைத்திருக்கும் சீனக் கடைக்காரர்களிடம் வேறு பேச்சு. "உங்கள் காவல் நாய்க்கும் சேர்த்துச் செய்துவிடலாம், செலவை மட்டும் கொடுங்கள்" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எல்லாரிடமும் ஒரே திட்டத்தைச் சொல்லுங்கள்: இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் மட்டும் சோறு வைப்போம், குப்பை சேராது, இந்தக் கூட்டம் இனிப் பெருகாது. நாய் பிடிக்காதவருக்கும் கடைசி வரி பிடிக்கும்.

படி 3: சோற்றுக்கு ஓர் ஒழுங்கு

ஒரே இடம், ஒரே நேரம். விளையாட்டுத் திடல், பள்ளி வாசல், சாலையோரம் வேண்டவே வேண்டாம். மூடிப்போன ரப்பர் ஸ்டோர் பின்புறம், லாலாங் புல் வெட்டிய வெறும் மனை மாதிரி ஆள் நடமாட்டம் குறைந்த இடம் நல்லது. அரை மணி நேரத்தில் மிச்சத்தை அள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கவிழ்த்து ஊற்றுங்கள், கொசு முட்டையிட்டால் டிங்கிக்கு நாமே இடம் கொடுத்ததாகும்.

தாப்பாவ் பொட்டலத்தை அப்படியே வீசாதீர்கள். குழம்பு வாசனைக்காக நாய் பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கும், அது குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்த அணுக்களையும் கெடுக்கும். நம் வீட்டுக் குழம்புச் சோற்றை நான் விரும்பாததற்கு அதுதான் காரணம். வெறுஞ்சோறோடு உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கழுத்தின் சதையோ மீனோ முள் எடுத்துப் பிசைந்தால் நாய்க்குப் போதும். பூனைக்குச் சோறு போதாது. அதற்கு இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற சத்து வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். மலிவான பூனைத் தீனியாவது வாங்குங்கள். அதை நாய்க்கு எட்டாத மதிலின்மேல் வையுங்கள்.

ஒழுங்காகச் சோறு வைப்பதில் இன்னொரு பயன் உண்டு. மணி அடித்தது போல நாய் அந்த நேரத்துக்கு வந்து நிற்கும். அடுத்த படிக்கு அதுதான் அடித்தளம்.

படி 4: கருத்தடை

நம் ஆள்களிடம் இதைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் சொல் "பாவம்". தாயாக விடாமல் தடுப்பது பாவமாம். மழைக்காலத்தில் லோங்காங்கில் (வடிகாலில்) தண்ணீர் ஏறி, கண் திறக்காத குட்டிகள் மிதந்து போனதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். எலும்பும் தோலுமாக, முந்தின ஈற்றின் களைப்புத் தீரும் முன்னே அடுத்த சினையோடு திரியும் நாயைப் பாருங்கள். அந்தத் தாய்க்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அடுத்த ஈற்றை நிறுத்துவதே. கருத்தடை செய்த பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது. பருவகாலத்தில் பத்து ஆண் நாய்கள் சூழ்ந்து கடித்துக் குதறும் அவதியும் இல்லை.

முதலில் கிளினிக்கைப் பிடியுங்கள். கூண்டைத் தூக்குவதற்கு முன்பே போன் செய்து கேளுங்கள்: தெருநாய், தெருப்பூனை எடுப்பீர்களா, அதற்குத் தனி விலை உண்டா, ஓர் இரவு வைத்துக்கொள்வீர்களா, காது நறுக்குவீர்களா? விலை இடத்துக்கு இடம் நிறைய மாறும். சுங்கை பட்டாணியில் ஒன்று, பட்டர்வொர்த்தில் ஒன்று என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். மீட்பு அமைப்புகள் அவ்வப்போது குறைந்த செலவில் முகாம் நடத்தும், அதையும் கேட்டு வையுங்கள்.

வயது: நாய்க்கு ஐந்து ஆறு மாதம் ஆனதும் செய்யலாம். பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகக்கூடியது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பால் கொடுக்கும் தாய் என்றால் குட்டிகள் தாமாகத் தின்னும்வரை, அதாவது ஆறு முதல் எட்டு வாரம்வரை பொறுங்கள். ஆனால் அந்த வாரங்களில் கண்ணை எடுக்காதீர்கள். பூனை பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகிவிடும்.

பிடிப்பது எப்படி? கைக்கு வரும் நாய் என்றால் பட்டை போட்டு நடத்திவிடலாம். வராததற்குப் பொறிக்கூண்டு. எங்கள் பக்கம் பழைய ஆயாக்கொட்டகையில் (பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகையில்) ஒரு செவலைப் பெட்டை இருந்தது. ஆள் நிழல் பட்டாலே திண்ணைக்கு அடியில் பதுங்கிவிடும். கூண்டைச் சோறு வைக்கும் இடத்திலேயே வைத்து, கதவைக் கம்பியால் திறந்தபடி கட்டி, மேலே பழைய சாக்கு, அடியில் நாளிதழ் விரித்தோம். முதலில் கூண்டின் வாசலில் சோறு. கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால் இரண்டையும் ஓடத் தயாராக ஊன்றிக்கொண்டு தின்றது. அடுத்த முறை தட்டை ஒரு சாண் உள்ளே தள்ளினோம், பிறகு இன்னொரு சாண். முழு உடம்பும் உள்ளே போய், வாலைத் தளர்த்தி, நிதானமாகத் தின்னத் தொடங்கிய பிறகுதான் கம்பியை அவிழ்த்தோம். சார்டின் டின்னைத் திறந்து கடைக்கோடியில் வைத்தோம், கதவு விழுந்தது. ஒரு பெரிய உதறல், இரண்டு குரைப்பு. சாக்கைக் கீழேவரை இழுத்து மூடியதும் அடங்கிவிட்டது. இருட்டு அதற்கு ஆறுதல். பொறுமை இழந்து முதல் நாளே கதவை இறக்கியிருந்தால், தப்பித்த நாய் அந்தக் கூண்டுப் பக்கம் பிறகு தலைவைத்தும் படுக்காது.

சுருக்குக் கயிறு, மீன் வலை, கோணிப்பை எதுவும் வேண்டாம். கழுத்து இறுகி மூச்சு முட்டிய நாய் யாரையும் கடிக்கும், அதைக் குறை சொல்ல முடியாது.

முதல் நாள் மாலை பிடித்து, மூடிய கூண்டில் நிழலான இடத்தில் இரவு முழுக்க வைத்திருந்து காலையில் கொண்டுபோவது சுலபம். மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். வளர்ந்த நாய் என்றால் முந்தின இரவுக்குப் பிறகு சோறு இல்லை, தண்ணீர் காலைவரை கொடுக்கலாம். சிறு குட்டிகள், பூனைக்குட்டிகளை அவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது, எத்தனை மணி நேரம் என்று கிளினிக்கில் கேளுங்கள். கடைசியாக எப்போது தின்றது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கார் டிக்கியில் அடைத்துக் கொண்டுபோகாதீர்கள், நம் வெயிலுக்கு அது அடுப்பு.

மயக்கத்தில் இருக்கும்போதே செய்யக்கூடியதை எல்லாம் ஒரே தடவையில் முடித்துவிடச் சொல்லுங்கள்: ரேபிஸ் (வெறிநாய் நோய்) ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, காது நறுக்கல், பிரிக்கத் தேவையில்லாத தையல், நீண்ட நேரம் வேலை செய்யும் வலி ஊசி. தெருநாயை மறுபடி பிடிப்பது நிச்சயமில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆண் நாய், ஆண் பூனைக்கு ஓரிரு நாள் ஓய்வு போதும். பெட்டையை மூன்று முதல் ஐந்து நாளாவது உலர்ந்த இடத்தில் வையுங்கள். தையலில் சீழோ நாற்றமோ வீக்கமோ கண்டால் உடனே கிளினிக். பத்து நாளைக்குக் குளிப்பாட்ட வேண்டாம். பூசாரி கொடுத்த திருநீறையோ மஞ்சளையோ புண்ணில் பூச வேண்டாம். ஆண் நாய்க்கு ஆபரேஷன் முடிந்த பின்பும் சில வாரம் விந்து தங்கியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிடித்த இடத்திலேயே விடுங்கள். "தூரத்துத் தோட்டத்தில் விட்டால் நன்றாக இருக்கும்" என்று லோரியில் ஏற்றி அனுப்புவது கொலைக்குச் சமம். சோறு வைத்த ஆளும் இல்லை, தண்ணீர் இருக்கும் இடமும் தெரியாது, அங்கே இருக்கும் கூட்டம் உள்ளே விடாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. லைசென்ஸ் இல்லாத நாயைப் பிடிக்க ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, காது நறுக்கிய நாயும் விலக்கல்ல. அதனால் உங்கள் ஊர் நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ முன்கூட்டியே போய்ப் பேசுங்கள், நோட்டையும் கிளினிக் ரசீதுகளையும் கொண்டுபோங்கள். எத்தனை நாய்க்கு ஒரு வீட்டில் லைசென்ஸ் தருவார்கள் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். அந்த வரம்புக்குள் ஆளுக்கு ஒன்றாக உங்கள் பெயர்களில் லைசென்ஸ் எடுத்துக் கழுத்தில் தகடு மாட்டிவிடுவதுதான் நாய்க்குக் கிடைக்கும் பலமான பாதுகாப்பு.

படி 5: ரேபிஸும் நாய்க்கடியும்

மலேசியா 2012இல் ரேபிஸ் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது திரும்ப வந்தது. 2017 ஜூலையில் சரவாக்கில் தொடங்கி அங்கே பல உயிர்களை வாங்கியது. தாய்லாந்து எல்லைக்கு அருகே இருக்கும் நாம் இதை மறக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது: ஒரு வட்டாரத்து நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நிற்கும். கொன்று குவிப்பதால் மட்டும் ரேபிஸ் ஒழியாது. ஊசி போட்ட நாயைக் கொன்றால், அந்த இடத்தை ஊசி போடாத நாய் நிரப்பும்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். நோட்டில் தேதி எழுதுங்கள்.

கடித்துவிட்டால்: உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். கோப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள், இறுகக் கட்டவும் வேண்டாம். அன்றைக்கே அரசு கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. அறிகுறிக்கு முன்பே உரிய நேரத்தில் ஊசி போட்டால் பிழைக்கலாம். குட்டி கடித்தது, சின்னக் கீறல்தான் என்று அலட்சியம் வேண்டாம்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். அதைப் பத்து நாள் அடைத்து வைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாள் கழித்தும் நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். கொன்றுவிட்டால் அந்த வழி அடைபடும். நாய் காரணமின்றி வெறித்துத் தாக்கினாலும், தாடை தொங்கி எச்சில் ஒழுகினாலும், குரல் மாறி, தள்ளாடி நடந்தாலும் கிட்டே போகாமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். நாய்களைக் கையாளும் தொண்டர்கள் முன்கூட்டியே ரேபிஸ் ஊசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான்: நாய் ஓடி வந்தால் ஓடாதே, மரம் மாதிரி நில், கண்ணை உற்றுப் பார்க்காதே, புத்தகப் பையை முன்னால் பிடி. குட்டியோடு இருக்கும் தாய்ப் பக்கம் போகாதே. தின்னும் நாயைத் தொடாதே.

படி 6: சொறி, புழுப்புண், விஷம்

முடி கொட்டி, தோல் யானைத்தோல் மாதிரி தடித்து, விடிய விடியச் சொறிந்துகொண்டே இருக்கும் நாயைக் கண்டதும் நம் ஆள்கள் தேடுவது மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும். நாய் அதை நக்கி விழுங்கும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். இன்று சொறிக்கும் உண்ணிக்கும் வாய்வழி மாத்திரைகள் இருக்கின்றன, பிராவெக்டோ, நெக்ஸ்கார்ட் மாதிரி. எடை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து, ஆகவே நாயின் படத்தையும் எடையின் மதிப்பையும் கொண்டுபோய் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டு இறைச்சிக்குள் வைத்துக் கொடுத்தால் நாயைப் பிடிக்காமலேயே வைத்தியம் நடக்கும். சில வாரத்தில் முடி முளைத்து, கல்லால் அடித்துத் துரத்தியவரே "இது எந்த நாய்?" என்று கேட்பார்.

ஈ மொய்த்துப் புழு வைத்த புண் நம் சூட்டுக்கு மிக வேகமாக ஆழம் போகும். பெட்ரோல், பினாயில், கற்பூரம் ஊற்றுவது வழக்கமாக இருக்கிறது. எல்லாமே நஞ்சு, பூனைக்கு இரட்டிப்பு நஞ்சு. உப்புநீரால் கழுவி அன்றைக்கே கிளினிக்குக் கொண்டுபோங்கள், மறுநாள்வரை தாங்காது. பிறப்புறுப்பிலிருந்து இரத்தம் சொட்டும் நாய்க்குப் பெரும்பாலும் இணைசேர்வதால் பரவும் கட்டி இருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரத்தில் பெரும்பாலும் குணமாகக்கூடியது. "புற்றுநோய், விட்டுவிடுங்கள்" என்று சொல்லிக் கைவிடாதீர்கள்.

பனடோல் பூனையைக் கொல்லும். அரை மாத்திரைகூடப் போதும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு எமன்.

தோட்டப்புறத்துக்கே உரிய ஆபத்து எலிமருந்து. செம்பனைக் கன்றைக் காக்க வைக்கும் எலிமருந்தில் பெரும்பாலானவை இரத்தம் உறையாமல் செய்யும் வகை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரும். வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, ஆகவே மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். எலியைப் பிடிக்கவென்று தோட்டங்களே பெட்டி வைத்து வளர்க்கும் கூகைகளையும் விஷ எலி கொன்றுவிடுகிறது, நிர்வாகத்தோடு பேசும்போது இதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். பராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை. பழைய டின் ஏதாவது ஸ்டோரில் கிடந்தால் யார் கைக்கும் எட்டாமல் பூட்டி வைத்து, பாதுகாப்பாக அகற்றும்படி நிர்வாகத்திடம் சொல்லுங்கள். வாயில் நுரை தள்ளி, உடம்பு நடுங்கினால் அது வேறு வகை விஷம், நிமிடங்கள்தான் கணக்கு. வாந்தி எடுக்கவைக்க முயலாமல் கிளினிக்குக்கு ஓடுங்கள்.

படி 7: சட்டத்தைத் தெரிந்து வையுங்கள்

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 வெள்ளிவரை அபராதம், அல்லது மூன்றாண்டுவரை சிறை, அல்லது இரண்டும். இதில் தெருநாய் வீட்டுநாய் என்ற பேதம் இல்லை.

விஷம் வைத்ததாகவோ சுடுநீர் ஊற்றியதாகவோ சந்தேகம் வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், முகநூலில் பெயர் போட்டுத் திட்டவும் வேண்டாம். படம், காணொளி, தேதி, நேரம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துப் போலீசில் புகார் எழுதி, அதன் நகலோடு கால்நடைச் சேவைத் துறைக்குப் போங்கள். மிச்ச உணவைக் கையுறை போட்டு எடுத்துப் பிளாஸ்டிக்கில் கட்டி வையுங்கள். செத்த உடலைப் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

படி 8: நம் வீட்டு நாயும் வீடு மாறும் நாளும்

மேலே சொன்ன அத்தனையும் வீண், நம் வீட்டு நாயை ராத்திரி கேட்டைத் திறந்து விட்டால். "ஆண் நாய்தானே, நமக்கென்ன" என்று பேசுவதை நிறுத்த வேண்டும். குட்டி நம் வாசலில் பிறப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் உங்கள் நாய்க்குக் கருத்தடை, ஊசி, லைசென்ஸ். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடுவதும் வளர்ப்பு ஆகாது.

லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு மாறப்போகிறீர்கள் என்றால் சாவி கிடைக்கும்வரை காத்திராதீர்கள். பல அடுக்குமாடிகளில் நாய்க்கு அனுமதி கிடையாது, அதை முதலிலேயே கேளுங்கள். இல்லை என்றால் உறவினர், தரைவீட்டு நண்பர் என்று இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே தேடத் தொடங்குங்கள். வயதான நாய்க்கு இடம் கிடைப்பது கஷ்டம்தான், அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேன்.

படி 9: குட்டிகளுக்கு வீடு

கண் திறக்காத குட்டிகளைக் கண்டால் உடனே தூக்காதீர்கள். தாய் சோறு தேடப் போயிருக்கும். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வரவே இல்லை என்றால் உடம்புச் சூட்டைக் காப்பதுதான் முதல் வேலை: பெட்டி, துணி, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல். குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது. பசும்பாலும் டின் பாலும் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவு வாங்குங்கள். மல்லாக்கப் படுக்கவைக்காமல், தாயிடம் குடிப்பது போலக் குப்புற வைத்துப் புகட்டுங்கள்.

எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் கிடக்கும். ஒரு குட்டி இரத்தக் கழிச்சலில் செத்த இடத்தில் ஊசி போடாத இன்னொரு குட்டியை வைக்காதீர்கள்.

கொடுக்கும்போது ஆளைப் பார்த்துக் கொடுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பெட்டியோடு உட்கார்ந்து கேட்டவருக்கெல்லாம் நீட்டுவதால் அந்தக் குட்டிகள் திரும்பத் தெருவுக்கே வருகின்றன. வீடு வேலி போட்டதா, வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா, வாடகை வீடு என்றால் உரிமையாளர் ஒப்புக்கொண்டாரா என்று கேளுங்கள். ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். ஆண்குட்டியைக் கேட்டு வருகிறவர்தான் அதிகம். காரணம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அவர்களிடம் நேரடியாகச் சொல்லுங்கள்: பெட்டைக்குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், கருத்தடைச் செலவு எங்களுடையது. கோவில் நிர்வாகமோ இளைஞர் மன்றமோ ஒரு சிறு நிதி திரட்டி வைத்தால் இது முடியாத காரியம் இல்லை. வரவு செலவை மட்டும் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள்.

குட்டியோடு ஊசி அட்டையையும் கொடுத்து, அடுத்த ஊசித் தேதியை வாங்குகிறவர் கைப்பேசியில் உங்கள் எதிரிலேயே போடச் சொல்லுங்கள். கருத்தடைக்கு வயது வந்ததும் அவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திராதீர்கள். நோட்டைத் திறந்து தேதியைப் பார்த்து நீங்களே போன் செய்யுங்கள். வண்டி இல்லை என்று சொன்னால் கூண்டோடு நீங்களே போய் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.